கார் பெயிண்டைக் கழுவி மெருகேற்றும்போது எந்த வேலை முதலில், எது பிறகு?

தண்டையார்பேட்டையில் வசிக்கும் ஒருவர், ஐந்து ஆண்டுகளாகத் தெருவோரத்திலேயே நிற்கும் தன் கருநீல நிறக் காருக்கு ஷாம்பு, க்ளே பார், அயர்ன் ரிமூவர், காம்பவுண்ட், பாலிஷ், வேக்ஸ் என எல்லாவற்றையும் வாங்கி வைத்துக்கொண்டு, எதை முதலில் போடுவது, எதைக் கடைசியில் போடுவது என்று கேட்டிருக்கிறார். (க்ளே பார் என்பது பெயிண்டில் ஒட்டிய துகளைப் பிடித்தெடுக்கும் களிமண் போன்ற பொருள்; அயர்ன் ரிமூவர் இரும்புத் துகளைக் கரைக்கும் திரவம்; காம்பவுண்ட் பெயிண்டைச் சீவும் பசை, பாலிஷ் அதைவிட மென்மையானது; வேக்ஸ் மேலே பூசும் பாதுகாப்பு மெழுகு.) பட்டறையில் "முதலில் ரப்பிங் (காம்பவுண்ட் போட்டுத் தேய்ப்பது), பிறகு வேக்ஸ்" என்கிறார்கள். காணொளிகளில் க்ளே பார் முதலில் என்கிறார்கள். வரிசை மாறினால் உண்மையிலேயே கெடுதல் உண்டா என்பது அவருடைய ஐயம். இந்தக் கேள்விக்குள் இரண்டு கேள்விகள் இருக்கின்றன. வரிசை என்ன என்பது ஒன்று; அந்த வரிசையில் உள்ள எல்லா வேலைகளும் அந்த வண்டிக்குத் தேவையா என்பது மற்றொன்று. வாகனத் தொழிற்சாலை ஒன்றின் பெயிண்ட் பிரிவில் பயிற்சி பெற்று, பிறகு மாதவரம் பக்கத்தில் பெயிண்டிங் பட்டறையில் பல ஆண்டுகள் வேலை பார்த்தவன் என்ற முறையில் சொல்கிறேன்: முதல் கேள்விக்குப் பெரும்பாலும் உறுதியான பதில் உண்டு. இரண்டாவது கேள்விக்கான பதிலை வண்டியைத் தொட்டுப் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும்; எப்படித் தொட்டுப் பார்ப்பது என்பதை என்னால் சொல்ல முடியும்.

முதலில், நாம் எதைத் தேய்க்கப் போகிறோம் என்பது தெரிந்திருக்க வேண்டும். தொழிற்சாலையிலிருந்து வரும் காரின் தகட்டின் மேல், துருவைத் தடுக்கும் மின்முலாம் போன்ற அடிப்பூச்சு, அதன் மேல் பிரைமர், அதன் மேல் நிறம் தரும் பேஸ் கோட், எல்லாவற்றுக்கும் மேல் நிறமற்ற கிளியர் கோட் என்று அடுக்குகள் இருக்கும். இவை அனைத்தும் சேர்ந்தே பெரும்பாலான கார்களில் ஏறத்தாழ 100 முதல் 150 மைக்ரான்தான் (ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு). அதாவது நகலெடுக்கும் கடையில் பயன்படும் ஒரு வெள்ளைத் தாளின் கனம். அதில் நாம் பார்க்கும் பளபளப்பு முழுவதையும் தருவது மேலே உள்ள 35 முதல் 50 மைக்ரான் கிளியர் கோட் மட்டுமே. காம்பவுண்ட் போட்டுத் தேய்ப்பது என்பது கீறலை நிரப்பும் வேலை அன்று. கீறலின் அடிமட்டம் வரை சுற்றியிருக்கும் கிளியர் கோட்டைச் சீவி எடுத்துச் சமன்படுத்தும் வேலை. ஒவ்வொரு முறையும் சில மைக்ரான் போய்விடும், போனது திரும்ப வராது. சூரியனின் புறஊதாக் கதிரைத் தாங்கும் பொருள்களும் இந்த அடுக்கில்தான் கலந்திருக்கின்றன. ஆகவே அது மெலிந்தால், சில ஆண்டுகளில் கூரையிலும் பானெட்டிலும் வெள்ளை பூத்து, பிறகு தோல் உரிவதுபோல உரியத் தொடங்கும். உரிந்த பிறகு பாலிஷ் எதுவும் உதவாது, மறுபெயிண்ட் ஒன்றே வழி.

இதிலிருந்தே வரிசைக்கான காரணம் பிறக்கிறது. பெயிண்டின் மேல் ஒட்டியுள்ள துகள் எதுவாக இருந்தாலும், அதைத் தேய்த்தால் கீறும். ஆகவே தேய்க்காமல் போகக்கூடியவை அனைத்தும் முதலில் போக வேண்டும். மெல்லத் தேய்த்தால் போகக்கூடியவை அடுத்துப் போக வேண்டும். வேறு வழியே இல்லாதபோது மட்டும் பெயிண்டையே சீவ வேண்டும். எல்லாம் முடிந்த பிறகே மேலே பாதுகாப்புப் பூச வேண்டும். செயலில் சொன்னால், சக்கரங்களைக் கழுவுதல், வெறும் தண்ணீர் பீய்ச்சுதல், நுரையில் ஊறவைத்தல், கையால் ஷாம்பு போட்டுக் கழுவுதல், தாரை நீக்குதல், அயர்ன் ரிமூவர் தெளித்தல், க்ளே பார் ஓட்டுதல், மறுபடி ஒரு கழுவல், நன்கு உலர்த்துதல், வெளிச்சத்தில் சோதித்தல், தேவைப்பட்டால் காம்பவுண்ட், அதன் பின் பாலிஷ், பிறகு எண்ணெய்ப் பசையைத் துடைத்தெடுத்தல், கடைசியாக வேக்ஸ் அல்லது சீலண்ட் (வேக்ஸ் போலவே மேலே பூசும் செயற்கைப் பாதுகாப்புப் பூச்சு). "முதலில் ரப்பிங்" என்பது, மேலே கிடக்கும் துகளையும் காம்பவுண்டோடு சேர்த்து பெயிண்டில் அரைப்பதற்குச் சமம். அன்றைக்கு வண்டி பளபளப்பாகவே தெரியும். காம்பவுண்டில் உள்ள எண்ணெய் புதிய கீறல்களை மறைத்துவிடும்; நான்கைந்து முறை கழுவிய பிறகு வெயிலில் நிறுத்திப் பார்த்தால் வட்ட வட்டமாக நுண் கீறல்கள் தெரியவரும்.

இந்த வரிசை வடசென்னைக்குக் கூடுதல் முக்கியத்துவம் உடையது. தண்டையார்பேட்டை, திருவொற்றியூர், எண்ணூர், மணலி பகுதிகளில் வண்டியின் மேல் படிவது சாதாரணத் தெருப்புழுதி மட்டும் இல்லை. எண்ணூர் விரைவுச் சாலையில் இரவு பகலாக நிற்கும் கண்டெய்னர் லாரிகளின் பிரேக்கிலிருந்து நுண்ணிய இரும்புத் துகள் பறக்கிறது. ரயில் பாதைகளுக்கு அருகே சக்கரமும் தண்டவாளமும் உராய்ந்து அதே இரும்புத் துகள் சேர்கிறது. அனல்மின் நிலையங்களின் பக்கம் நிலக்கரித் தூளும் சாம்பலும் காற்றில் வருகின்றன. பறக்கும் சாம்பலில் பெரும்பகுதி சிலிக்காவும் அலுமினாவும் சேர்ந்த கண்ணாடித் தன்மையுள்ள நுண்மணிகள். கையில் தொட்டால் மாவுபோல மென்மையாகத் தோன்றினாலும், துணியால் உலர்வாகத் துடைக்கும்போது கிளியர் கோட்டைக் கீறும் அளவுக்குக் கடினமானவை. இவற்றோடு கடற்காற்றின் உப்பும் ஈரமும் சேர்ந்தால், இரவில் பனி இறங்கிக் காலையில் காய்ந்து, புழுதி ஒரு மெல்லிய மேலோடுபோல இறுகிவிடுகிறது. அந்த மேலோட்டைக் காலையில் மஞ்சள் துணியாலோ இறகுத் துடைப்பத்தாலோ உலர்வாகத் துடைப்பதுதான், நான் இந்தப் பகுதிகளில் பார்த்த சுழல் கீறல்களில் பெரும்பாலானவற்றுக்குக் காரணம் என்று துணிந்து சொல்வேன்.

கழுவுவதில் சக்கரங்களை முதலில் முடிக்க வேண்டும், அதற்கென்று தனி வாளியும் தனித் துணியும் வைத்துக்கொள்ள வேண்டும். வண்டியின் மிக அழுக்கான இடம் அதுவே; கடைசியில் செய்தால் அங்கிருந்து தெறிக்கும் கரிய நீர் சுத்தம் செய்த கதவுகளில் விழும், அதற்குள் உடலில் உள்ள தண்ணீரும் காய்ந்து கறையாகிவிடும். அடுத்து வண்டி முழுவதையும் மேலிருந்து கீழாக வெறும் தண்ணீரால் நனைக்க வேண்டும். பிரஷர் வாஷர் இருந்தால் ஓரடிக்கும் குறையாத தூரத்தில் பிடிக்க வேண்டும். கல்லடிபட்டு பெயிண்ட் பெயர்ந்த இடங்களின் விளிம்பில் நெருக்கமாகப் பீய்ச்சினால் அந்த இடம் மேலும் பெயரும். பிரஷர் வாஷர் இல்லாதவர்கள் தோட்டத்துக்கு மருந்தடிக்கும் கைப்பம்பு ஒன்றில் ஷாம்புக் கரைசலை ஊற்றித் தெளித்து, காயவிடாமல் சில நிமிடம் ஊறவைத்து, மறுபடி தண்ணீர் ஊற்றினாலே மேலோட்டில் கணிசமான பகுதி கையே படாமல் இறங்கிவிடும். சாம்பலும் கரியும் படிந்த வண்டிக்கு இந்த ஊறவைத்தலை இரண்டு முறை செய்யச் சொல்வேன். எல்லாப் படிகளிலும் அதிகப் பலன் தருவது இதுவே. பலர் தாண்டிப் போவதும் இதையே.

அதன் பிறகே கை வைக்க வேண்டும். ஒரு வாளியில் ஷாம்பு நீர், மற்றொரு வாளியில் வெறும் நீர். மைக்ரோஃபைபர் கையுறையை ஷாம்புவில் தோய்த்து ஒரு பகுதியைக் கழுவியதும், வெறும் நீரில் அலசிப் பிழிந்துவிட்டு மறுபடி ஷாம்புவில் தோய்க்க வேண்டும். கூரையில் தொடங்கி, கண்ணாடிகள், பானெட், கதவுகளின் மேல்பாதி என்று இறங்கி, சக்கரங்களுக்குப் பின்னால் உள்ள கீழ்ப்பகுதியைக் கடைசியாகத் தொட வேண்டும். வட்டமாகத் தேய்க்காமல் நேர்கோட்டில் ஓட்டுவது நல்லது. அப்படியும் ஏதாவது கீறல் விழுந்தால், சில கோணங்களிலிருந்து மட்டுமே கண்ணுக்குத் தெரியும். பாத்திரம் கழுவும் திரவத்தை வழக்கமாகப் பயன்படுத்த வேண்டாம். அது பெயிண்டை ஒரே நாளில் கெடுத்துவிடும் என்று சிலர் பயமுறுத்துவது மிகை; ஆனால் கை வழுக்கிக்கொண்டு போவதற்கான வழவழப்பு கார் ஷாம்புவில் இருக்கும் அளவுக்கு அதில் இல்லை, பழைய வேக்ஸையும் அது விரைவில் குறைத்துவிடும்.

தண்ணீரைப் பற்றித் தனியாகச் சொல்லியாக வேண்டும். மீஞ்சூரிலிருந்து கடலோரமாக நிலத்தடி நீரில் கடல்நீர் புகுந்திருப்பது நெடுங்காலமாக அறியப்பட்ட செய்தி. திருவொற்றியூர், எண்ணூர் பக்கத்தில் போர் தண்ணீர் உப்பும் கடினமுமாக இருக்கும் வீடுகள் நிறைய. அந்த நீர் பெயிண்டின் மேல் துளித்துளியாகக் காய்ந்தால் சுண்ணாம்பு வளையங்கள் உண்டாகும். இதில் பலர் நல்லெண்ணத்தோடு செய்யும் ஒரு தவறு, வீட்டு ஆர்.ஓ. இயந்திரம் வெளியேற்றும் கழிவு நீரைச் சேமித்து கார் கழுவுவது. இயந்திரம் பிரித்தெடுத்த உப்புகள் எல்லாம் அந்த நீரில்தான் செறிந்திருக்கும். புழுதியை இறக்கும் முதல் தண்ணீராக அதை ஊற்றலாம். கடைசி அலசலுக்குக் கூடாது. கடைசி அலசலுக்கு மெட்ரோ வாட்டர் கிடைத்தால் நல்லது. அதைவிட நல்லது ஏ.சி. இயந்திரத்தின் குழாயிலிருந்து சொட்டும் நீர். அது காற்றின் ஈரம் குளிர்ந்து உண்டான நீர் என்பதால் கரைந்த உப்பு ஏறக்குறைய இல்லை. இரண்டு நாள் பிடித்து, துணியில் வடிகட்டி வைத்தால் ஒரு காரின் கடைசி அலசலுக்குப் போதும். ஏற்கெனவே விழுந்த வளையங்களில், மேலே படிந்திருப்பவை தண்ணீர் கலந்த வினிகரைத் துணியில் நனைத்துச் சிறிது நேரம் வைத்து நன்றாக அலசினால் கரையும். கிளியர் கோட்டுக்குள் அரித்து இறங்கியவை பாலிஷில்தான் போகும்.

கழுவிய வண்டி ஈரமாக இருக்கும்போதே தாரும் இரும்பும். கதவுகளின் கீழ்ப்பகுதியில் கறுப்புப் புள்ளிகளாக ஒட்டியிருக்கும் தாருக்கு, தார் நீக்கும் திரவத்தைத் துணியில் எடுத்து அந்த இடத்தில் மட்டும் ஒற்றி, கரைந்ததும் துடைத்துக் கழுவ வேண்டும். சாயமடிக்காத கறுப்பு பிளாஸ்டிக்கில் அது படக்கூடாது. மண்ணெண்ணெயும் தாரைக் கரைக்கும் என்பது உண்மைதான், ஆனால் அது விட்டுச்செல்லும் பிசுபிசுப்பில் புழுதி மேலும் ஒட்டும். பட்டறைகளில் மண்ணெண்ணெய் துடைத்துப் பளபளப்புக் காட்டும் பழக்கத்தை நான் ஏற்பதில்லை. அயர்ன் ரிமூவரில் செயல்படும் பொருள் பெரும்பாலும் தயோகிளைகோலேட் வகைச் சேர்மம். முடி நீக்கும் களிம்புகளில் இருப்பதும் அதே குடும்பம், அந்த நாற்றம் அதனால்தான். பெயிண்டில் குத்தி நிற்கும் இரும்புத் துகளோடு சேர்ந்ததும் அது ஊதா நிறமாக வழியும். நிழலில், தகடு குளிர்ந்திருக்கும்போது தெளித்து, மூன்று நான்கு நிமிடம் விட்டு, காய்வதற்கு முன் ஏராளமான நீரால் அலச வேண்டும். கையுறை அணிவதும், காற்றோட்டமான இடத்தில் நின்று செய்வதும் அவசியம். வெள்ளைக் காரில் ஊதா வழிவது பளிச்சென்று தெரியும். கருநீலக் காரில் தெரியாது என்பதற்காகத் துகள் இல்லை என்று முடிவு செய்துவிட வேண்டாம்.

இப்போது க்ளே பார் தேவையா என்று தீர்மானிக்க எளிய சோதனை ஒன்று உண்டு. மெல்லிய பாலித்தீன் உறைக்குள் கையை விட்டு, கழுவிய ஈரமான பானெட்டின் மேல் விரல்நுனியை மெதுவாக ஓட்டிப் பாருங்கள். வெறும் விரலுக்கு வழவழப்பாகத் தோன்றும் இடம், உறையின் வழியாக நறநறவென்று உணரப்பட்டால் க்ளே தேவை. வழுக்கிக்கொண்டு போனால் அந்தப் பகுதிக்குத் தேவையில்லை. பெரும்பாலும் கூரை, பானெட், டிக்கி மூடி ஆகிய கிடைமட்டமான இடங்களுக்கு வேண்டியிருக்கும், கதவுகளின் மேல்பாதிக்கு வேண்டியிருக்காது. க்ளேயைச் சிறு துண்டாகப் பிய்த்துத் தட்டையாக்கி, ஷாம்பு நீரையோ அதற்கென விற்கும் திரவத்தையோ தாராளமாகத் தெளித்து, இரண்டடிச் சதுரமாக, அழுத்தாமல் நேர்கோட்டில் ஓட்ட வேண்டும். நறநறப்புச் சத்தம் நின்றதும் நிறுத்திவிட வேண்டும். அழுக்கேறிய பக்கத்தை மடித்துப் புதுப்பக்கம் எடுக்க வேண்டும். தரையில் விழுந்த க்ளேயை, எவ்வளவு விலை கொடுத்து வாங்கியிருந்தாலும், குப்பையில் போட வேண்டும். க்ளே மிக மெல்லிய தேய்ப்புக் கோடுகளை விடக்கூடும், கருநிற வண்டியில் அவை தெரியும். க்ளே எப்போதும் பாலிஷுக்கு முன் வர வேண்டும் என்பதற்கு இது ஒரு காரணம். மற்றொரு காரணம், க்ளே செய்யாமல் பாலிஷ் செய்தால் பெயிண்டிலிருந்து பிடுங்கப்படும் துகள் பாலிஷ் பேடில் (பாலிஷ் தேய்க்கும் பஞ்சு வட்டில்) சிக்கிச் சுழலும் என்பது.

மறுபடி ஒரு முறை கழுவி, தடித்த மைக்ரோஃபைபர் துணியைப் பரப்பி ஒற்றி உலர்த்திய பிறகு, வேலையின் போக்கையே தீர்மானிக்கும் கட்டம் வருகிறது. ஒரு டார்ச் விளக்கை பெயிண்டுக்குச் சாய்வாகப் பிடித்துப் பாருங்கள், அல்லது வெயிலில் சூரியனின் பிம்பம் விழும் இடத்தைச் சுற்றிப் பாருங்கள். வட்ட நுண்கீறல்கள், காக்கை எச்சம் அரித்த தழும்புகள், நகம் ஓட்டினால் சிக்கும் ஆழமான கீறல்கள் என்று தனித்தனியாகக் குறித்துக்கொள்ளுங்கள். நகம் சிக்கும் கீறல் பொதுவாகப் பாலிஷில் போகாத அளவுக்கு ஆழமானது. அதைத் துரத்திக்கொண்டு போனால் சுற்றியுள்ள கிளியர் கோட் தீர்ந்துவிடும். கல்லடிபட்டுத் தகடு தெரியும் புள்ளிகள் இருந்தால், உப்புக் காற்று வீசும் நம் பகுதியில் அவற்றை விட்டுவைக்கக் கூடாது. அந்த நிறத்துக்குரிய டச்-அப் பெயிண்டை இப்போதே நுனித்தூரிகையால் வைத்து, நன்றாகக் காயவிட்டு, பிறகு ஒருநாள் பாலிஷைத் தொடருங்கள்.

எந்தப் பாலிஷ், எந்தப் பேட் என்பதை பானெட்டின் நடுவில் இரண்டடிச் சதுரத்தை டேப்பால் கட்டிச் சோதித்து அறிய வேண்டும். பலருக்குக் குழப்பம் உண்டாவது இந்த இடத்தில்தான். சோதனையில் மென்மையானதிலிருந்து கடுமையானதை நோக்கிப் போக வேண்டும். வேலையில் கடுமையானதிலிருந்து மென்மையானதை நோக்கி வர வேண்டும். அதாவது, சோதனைச் சதுரத்தில் முதலில் மிருதுவான ஃபோம் பேடும் மெல்லிய பாலிஷும் மட்டும். கீறல்களில் பெரும்பகுதி மறைந்தால் சோதனை அத்துடன் முடிந்தது. காம்பவுண்ட் டப்பாவைத் திறக்கவே வேண்டாம். மறையவில்லை என்றால் அதே பாலிஷுக்குச் சற்றுக் கடினமான பேட். அதற்கும் மறையவில்லை என்றால்தான் காம்பவுண்ட். அப்படிக் காம்பவுண்ட் தேவை என்று தெரிந்தால், வண்டி முழுவதும் காம்பவுண்டில் தொடங்கி, அது விட்டுச்செல்லும் மங்கலைப் பாலிஷால் முடிக்க வேண்டும். காம்பவுண்டோடு நிறுத்தினால் கருநீலத்தின் மேல் சாம்பல் பூத்ததுபோல் இருக்கும். பாலிஷ் போட்ட பிறகு காம்பவுண்ட் போட்டால் செய்த வேலை வீண். எல்லாக் கீறலையும் நீக்குவதை இலக்காக வைக்காதீர்கள் என்று எங்கள் பட்டறைக்கு வருபவர்களிடம் சொல்வேன். தெருவில் நிற்கும் வண்டியில் பத்தில் ஏழெட்டுக் கீறல் மறைந்தாலே கண்ணுக்கு முற்றிலும் வேறு வண்டியாகத் தெரியும், எஞ்சியிருக்கும் கிளியர் கோட் அடுத்த பத்தாண்டுக்கு உதவும்.

இயந்திரத்தைப் பொறுத்தவரை, முதன்முறை செய்பவர் டி.ஏ. பாலிஷர் என்னும் இரட்டை அசைவு இயந்திரத்தையே எடுக்க வேண்டும். பட்டறைகளில் உள்ள ரோட்டரி இயந்திரம் ஒரே அச்சில் சுழல்வதால் ஓரிடத்தில் சூட்டைக் குவிக்கும். பழகாத கையில் சில விநாடிகளில் பெயிண்டைச் சுட்டுவிடும். பேடில் பட்டாணி அளவில் மூன்று நான்கு புள்ளி பாலிஷ் வைத்து, இயந்திரம் ஓடாத நிலையில் சதுரம் முழுவதும் தடவி, பிறகு இயக்கி, ஒரு வரியின் பாதியை அடுத்த வரி மூடுமாறு மெதுவாக, குறுக்கும் நெடுக்குமாக மூன்று நான்கு முறை ஓட்டினால் போதும். ஒவ்வொரு சதுரத்துக்கும் பேடை பிரஷ்ஷால் தட்டிச் சுத்தம் செய்ய வேண்டும். பானெட்டின் மடிப்புக் கோடுகளிலும் கதவு விளிம்புகளிலும் பெயிண்ட் எப்போதும் மெலிந்தே இருக்கும், ஆகவே அங்கே டேப் ஒட்டுங்கள். பம்பர் பிளாஸ்டிக் என்பதால் சூட்டைக் கடத்தாமல் தேக்கி வைக்கும். அங்கே அழுத்தத்தையும் நேரத்தையும் குறையுங்கள். பெயிண்ட் கனம் அளக்கும் கருவி ஒரு பட்டறையில் கிடைத்தால் அளந்து பார்ப்பது நல்லது. ஆனால் சாதாரணக் கருவி மொத்தக் கனத்தைத்தான் காட்டும், கிளியர் கோட்டைத் தனியே காட்டாது. பிளாஸ்டிக் பம்பரில் அது வேலையும் செய்யாது. ஒரு பகுதி மட்டும் மற்றவற்றைவிட மிகத் தடிமனாகக் காட்டினால் அங்கே மறுபெயிண்ட் நடந்திருக்கிறது என்று கொள்ளலாம். கையால் மட்டும் செய்வதாக இருந்தால் காம்பவுண்டை முற்றிலும் தவிர்த்து, மெல்லிய பாலிஷோடு நிறுத்துங்கள். விரல் அழுத்தம் ஒரே சீராக இராது என்பதால் காம்பவுண்ட் திட்டுத்திட்டாக வெட்டும்.

பாலிஷ் முடிந்ததும், அதன் எண்ணெயை நீக்க, ஒரு பங்கு ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் நான்கு பங்கு நீர் கலந்து தெளித்துத் துடைக்க வேண்டும். இது கீறல் உண்மையில் போயிற்றா, எண்ணெயில் மறைந்திருந்ததா என்பதைக் காட்டும். அடுத்துப் பூசும் சீலண்ட் பெயிண்டோடு நேராக ஒட்டவும் உதவும். அண்மையில் மறுபெயிண்ட் செய்த பகுதியில் இதைச் செய்யாதீர்கள். வேக்ஸ், சீலண்ட் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை: மிக மெல்லிதாகத் தடவி, டப்பாவில் குறிப்பிட்ட நேரம் விட்டு, சுத்தமான துணியால் எடுக்க வேண்டும், அவ்வளவே. கனமாகத் தடவுவதால் பயன் கூடாது. இரண்டும் இருந்தால் சீலண்ட் முதலில், வேக்ஸ் அதன் மேல். வேக்ஸின் மேல் சீலண்ட் சரியாக ஒட்டாது.

இதுவரை சொன்னவற்றில், கழுவல், க்ளே, காம்பவுண்ட், பாலிஷ், பாதுகாப்பு என்ற முதுகெலும்பு வரிசையில் எனக்கு எந்த ஐயமும் இல்லை. சில உட்பகுதிகளில் தொழில் தெரிந்தவர்களே வேறுபடுகிறார்கள். தார் முதலில் என்றேன். தாருக்கு அடியில் இருக்கும் இரும்பை அயர்ன் ரிமூவர் எட்டாது என்பது என் காரணம். அயர்ன் ரிமூவரை முதலில் தெளிப்பவர்களும் நல்ல பலனே பெறுகிறார்கள். இரண்டும் க்ளேக்கு முன் முடிந்துவிட வேண்டும் என்பதே முக்கியம். சக்கரங்களை முதலில் கழுவுவதும் அப்படித்தான், வசதிக்கான விதி. செராமிக் கோட்டிங் பற்றி விளம்பரங்கள் சொல்லும் ஆண்டுக் கணக்கை அப்படியே ஏற்க என்னால் முடியவில்லை. உப்பு நீரும் சாம்பலும் தினமும் படியும் தெருவில் அதன் ஆயுள், கழுவும் முறையைப் பொறுத்தே அமைகிறது. '9ஹெச்' என்று அவர்கள் குறிப்பிடுவது பென்சில் கடினச் சோதனையின் அளவு. சாவியால் கீறினாலும் கோடு விழாது என்ற பொருள் அதற்கு இல்லை. மறுபெயிண்ட் செய்த வண்டிக்கு எத்தனை நாள் கழித்து வேக்ஸ் போடலாம் என்பதற்கு 30 நாள் முதல் 90 நாள் வரை பலவாறு சொல்வார்கள்; சூட்டறையில் உலர்த்தினார்களா, வெறும் காற்றில் உலர்த்தினார்களா என்பதைப் பொறுத்து மாறும் என்பதால், பெயிண்ட் அடித்த பட்டறையையே கேட்டு நடப்பது சரி.

இந்த வரிசை பொருந்தாத வண்டிகளும் உண்டு. மேட் பெயிண்ட் உள்ள வண்டியில் பாலிஷ், காம்பவுண்ட் இரண்டுமே கூடாது. அதன் மங்கலான தோற்றமே மேற்பரப்பின் நுண்ணிய சொரசொரப்பால் வருவது, அது மழுங்கினால் திட்டுத்திட்டாகப் பளபளக்கும். பழைய அம்பாசடர், பத்மினி போன்ற கிளியர் கோட் இல்லாத வண்டிகளில் பேடில் வண்டியின் நிறமே ஒட்டும். அது இயல்புதான், ஆனால் நிறமே தேய்கிறது என்பதால் இன்னும் குறைவாகத் தேய்க்க வேண்டும். கிளியர் கோட் உரியத் தொடங்கிய பகுதியில் க்ளே, பாலிஷ் எதுவும் செய்யாமல் விட்டுவிடுங்கள்.

தெருவில் வைத்துச் செய்ய முடியுமா என்றும் அந்தத் தண்டையார்பேட்டைக்காரர் கேட்டிருந்தார். முடியும், ஒரே நாளில் எல்லாவற்றையும் முடிக்க நினைக்காவிட்டால். விடியற்காலையில் தொடங்குங்கள். புறங்கையை பானெட்டில் வைத்தால் சூடு தெரியாத நேரம்தான் வேலைக்கான நேரம். கோடையில் நண்பகலை ஒட்டிக் கடற்காற்று எழும்பும்போது மணலும் உப்பும் வரும். அதற்குள் நிறுத்திவிட வேண்டும். முதல் நாள் காலை கழுவல், தார், அயர்ன் ரிமூவர், க்ளே வரை. மறுநாள் காலை, இரவில் படிந்த புழுதியை இறக்க ஒரு மென்மையான கழுவல், உலர்த்தல், சோதனைச் சதுரம், பாலிஷ். பானெட்டும் கூரையும் மட்டும் முடிந்தால் அவற்றுக்கு வேக்ஸ் போட்டுவிட்டு, கதவுகளை அடுத்த வாரம் வைத்துக்கொள்ளுங்கள். பகுதி பகுதியாகச் செய்வதால் எந்தக் கெடுதலும் இல்லை. வடகிழக்குப் பருவமழை நடக்கும் அக்டோபர் முதல் டிசம்பர் வரை திறந்தவெளியில் பாலிஷைத் தொடங்க வேண்டாம், தை, மாசி மாதங்கள் ஏற்றவை. அவர் விவரித்த நிலையை வைத்துப் பார்த்தால், அவருடைய வண்டிக்கு அயர்ன் ரிமூவரும் க்ளேயும் கட்டாயம் வேண்டியிருக்கும் என்றும், காம்பவுண்ட் வேண்டியிருக்காது என்றும் கருதுகிறேன். சோதனைச் சதுரம் வேறு விதமாகச் சொன்னால் அதையே நம்புங்கள்.

வேலை முடிந்த மறுநாளிலிருந்து, காலையில் வண்டி துடைக்க வருபவரிடம், தண்ணீர் ஊற்றாமல் துணி வைக்க வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். தினமும் துடைக்காமல் வாரம் ஒருமுறை இரண்டு வாளி வைத்துக் கழுவச் சொல்லி அதே சம்பளத்தைக் கொடுத்தால் அவருக்கும் இழப்பு இல்லை. துணிகளையும் நீங்களே வாங்கிக் கொடுங்கள்: பெயிண்டுக்கு ஒரு நிறம், சக்கரத்துக்கு வேறு நிறம். அவற்றைத் துவைக்கும்போது துணியை மென்மையாக்கும் திரவம் சேர்க்கக் கூடாது, அது மைக்ரோஃபைபரின் இழைகளை அடைத்து நீர் உறிஞ்சவிடாமல் செய்துவிடும். காக்கை எச்சம் விழுந்தால் கழுவும் நாளுக்குக் காத்திராமல், ஈரத்துணியை அதன் மேல் ஐந்து நிமிடம் போட்டு ஊறவைத்து, தேய்க்காமல் தூக்கி எடுங்கள். பாலித்தீன் உறைச் சோதனையை ஆறு மாதத்துக்கு ஒருமுறை செய்து பாருங்கள். நறநறப்பு இருந்தால் மட்டும் க்ளே, விளக்கில் மங்கல் தெரிந்தால் மட்டும் மெல்லிய பாலிஷ், வேக்ஸ் மட்டும் இரண்டு மூன்று மாதத்துக்கு ஒருமுறை.